ஜெர்மனியில் படிக்கும் மாணவரின் கணவர் அல்லது மனைவிக்கு மருத்துவக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகிறவர்களில் திருமணமானவர்களும் உண்டு. படிப்புக்கு நடுவே ஊருக்கு வந்து திருமணம் செய்துகொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. துணையை அழைத்துக்கொள்ள நினைக்கும்போது வீடு, வங்கி இருப்பு, ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். காப்பீட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் துணையின் காப்பீடு, மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதங்களிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இன்னும் திருமணம் ஆகாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்குள்ள தொகைகள் 2026ஆம் ஆண்டுக்குரியவை.

காப்பீடு இல்லாமல் துணைக்கு வதிவிட அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. ஜெர்மனியின் வதிவிடச் சட்டத்தில், வாழ்க்கைச் செலவைத் தானே சமாளிக்க முடியும் என்று காட்டுவது பொதுவான நிபந்தனை. போதுமான மருத்துவக் காப்பீடும் அந்த வாழ்க்கைச் செலவில் அடங்கும் என்று 2ஆம் பிரிவு சொல்கிறது. வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், காப்பீட்டுச் சான்று இல்லையென்றால் நிபந்தனை நிறைவேறவில்லை என்றுதான் பொருள்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. சட்டப்படி இயங்கும் பொது மருத்துவக் காப்பீட்டில் (இனி பொதுக் காப்பீடு) இருக்கும் வெளிநாட்டவருக்குப் போதுமான காப்பீடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. அதாவது பொதுக் காப்பீட்டுச் சான்றை நீட்டினால் கேள்வியே வராது. தனியார் காப்பீடு என்றால் ஆவணத்தின் ஒவ்வொரு விதியையும் அதிகாரி படித்துப் பார்ப்பார்.

துணைக்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

மாணவர் பொதுக் காப்பீட்டில் இருந்தால் ஒரு யூரோ கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. டெக்னிகர், ஏஓகே, பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் குடும்பக் காப்பீடு என்ற ஏற்பாடு சட்டப்படியே இருக்கிறது. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர், பிறர் பராமரிப்பில் வாழ நேர்ந்தால் உதவும் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ கட்டுகிறார். அதே தொகையில் கணவர் அல்லது மனைவியும் குழந்தைகளும் சேர்ந்துவிடுகிறார்கள். துணைக்குத் தனி அட்டை வரும், தனி எண் வரும். மருத்துவரிடம் கிடைக்கும் சிகிச்சையிலும் எந்தக் குறைவும் இருக்காது.

இரண்டு முக்கிய நிபந்தனைகள் உண்டு. துணை ஜெர்மனியில் வசிக்க வேண்டும். அவருடைய சொந்த வருமானம் மாதம் 565 யூரோவைத் தாண்டக் கூடாது. மினிஜாப் எனப்படும் சிறு வேலையில் இருந்தால் 603 யூரோ வரை போகலாம். ஊரில் வீட்டு வாடகை வருகிறது, வைப்புத்தொகைக்கு வட்டி வருகிறது என்றால் அதுவும் வருமானக் கணக்கில் சேரும். விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டாம். பின்னாளில் தெரியவந்தால், காப்பீடே இல்லாத காலம் என்று பழைய மாதங்களைக் கணக்கிட்டுப் பணம் கேட்பார்கள்.

மாணவர் தனியார் காப்பீட்டில் இருக்கிறார். இப்போது பொதுக் காப்பீட்டுக்கு மாற முடியுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மனதை அதிகம் வருத்துவது இதுதான். பெரும்பாலும் முடியாது என்பதே பதில்.

30 வயதுக்கு உட்பட்டவர் பல்கலைக்கழகத்தில் பெயர் பதியும்போது பொதுக் காப்பீடு அவருக்குக் கட்டாயம். அது வேண்டாம் என்றால், கட்டாயம் தொடங்கிய 3 மாதங்களுக்குள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். விலக்குக் கிடைத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. படிப்புக் காலம் முழுவதும் அது கூடவே வரும். விசாவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், முடக்கக் கணக்கையும் (வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்பே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு) காப்பீட்டையும் ஒரே தொகுப்பாக விற்கும் தளங்களில் மாதம் 100 யூரோ மிச்சம் என்று ஒரு தனியார் திட்டம் கண்ணில் படும். 23 வயதில், உடம்பில் ஒரு குறையும் இல்லாத நேரத்தில், அது நல்ல பேரமாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டு கழித்துத் திருமணமாகும்போதுதான் கணக்குப் புரட்டிப்போடும். தனியார் காப்பீட்டில் குடும்பத்துக்கு இலவச இடம் கிடையாது. துணைக்குத் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம். குழந்தை பிறந்தால் அதற்கும் தனி. அந்தக் கட்டணம் மாதச் செலவில் சேர்வதால், வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையும் கூடுகிறது.

ஆகவே சேர்க்கைக் கடிதம் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: 30 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பொதுக் காப்பீட்டை எடுங்கள். விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே விலக்கு வாங்கிவிட்டவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. துணை ஜெர்மனிக்கு வந்தபின் மாதம் 603 யூரோவுக்கு மேல் சம்பளம் தரும் வேலையில் சேர்ந்தால், ஊழியர் என்ற முறையில் அவருக்கே பொதுக் காப்பீடு கட்டாயமாகிவிடும். கணவரோ மனைவியோ எந்தக் காப்பீட்டில் இருக்கிறார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். குழந்தைகளும் அவர் வழியாகப் பொதுக் காப்பீட்டுக்குள் வந்துவிடலாம். ஆனால் விலக்கு வாங்கிய மாணவர் மட்டும் படிக்கும் காலத்தில் துணையின் குடும்பக் காப்பீட்டில் சேர முடியாது. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தால், சம்பளம் மிக உயர்ந்த வரம்பைத் தாண்டாதவரை, அவரும் பொதுக் காப்பீட்டுக்கு வந்துவிடுவார்.

முதுகலையில் சேரும்போதே எனக்கு 31 வயது. என் மனைவிக்கு என்ன வழி?

மாணவர்களுக்கான கட்டாயப் பொதுக் காப்பீடு 30 வயதோடு நின்றுவிடுகிறது. இந்தியாவிலிருந்து நேராக வரும் ஒருவருக்கு அங்கே முன்பு காப்பீட்டில் இருந்த காலம் எதுவும் இல்லாததால், விருப்ப உறுப்பினராகவும் சேர்வது கடினம். எனவே பெரும்பாலும் இருவருக்கும் தனியார் காப்பீடுதான்.

ஆனால் உங்களுக்கும் விலக்கு வாங்கியவருக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் எதையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவில்லை. உங்கள் மனைவி வேலையில் சேர்ந்து பொதுக் காப்பீட்டுக்குள் வந்தால், உங்கள் வருமானம் வரம்புக்குள் இருக்கும்வரை, அவருடைய குடும்பக் காப்பீட்டில் நீங்கள் சேரலாம். துணைக்கு அதில் வயது வரம்பு கிடையாது. மாணவரின் துணைக்குக் கிடைக்கும் வதிவிட அனுமதி எந்த வேலையும் பார்க்கும் உரிமையோடு வருகிறது. படிக்கிறவருக்கு இருக்கும் வேலை நாள் கட்டுப்பாடு துணைக்கு இல்லை. செவிலியர், சமையலர், கணினித் துறையினர் என்று எந்தத் துறைக்காரராக இருந்தாலும், வந்தவுடன் வேலை தேடுவது குடும்பத்தின் காப்பீட்டையும் சேர்த்துச் சீராக்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் இதே விதிதானா?

இல்லை. ஆய்வாளராகப் பெயர் பதிந்திருப்பது மட்டும் மாணவர் காப்பீட்டுக்குப் போதாது. பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கு வேலை ஒப்பந்தம் இருந்தால் ஊழியராகப் பொதுக் காப்பீட்டில் இருப்பீர்கள், துணையும் இலவசமாகச் சேர்வார். உதவித்தொகையில் மட்டும் ஆய்வு செய்கிறவர் என்றால் உதவித்தொகை தரும் அமைப்பிடம், துணைக்கான காப்பீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சென்னையில் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது எந்தக் காப்பீட்டைக் காட்ட வேண்டும்?

இங்கேதான் இரண்டு வேறு வேறு காப்பீடுகள் குழம்பிப்போகின்றன.

குடும்பக் காப்பீடு, துணை ஜெர்மனியில் வசிக்கத் தொடங்கிய பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதனால் விமானம் ஏறும்போது அது கையில் இருக்காது. இறங்கும் நாளிலிருந்து அது உறுதியாகும்வரை உள்ள நாட்களுக்கு ஒரு குறுகிய காலக் காப்பீடு வேண்டும். ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்று விற்கப்படும் காப்பீடு இதற்குப் பொருந்தும். நுழையும் நாளிலிருந்து அது செல்லுபடியாக வேண்டும். பயணத் தேதி தள்ளிப்போனால் தொடக்கத் தேதியை மாற்றித்தரும் நிறுவனமாகப் பார்த்து வாங்குங்கள். விசா எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு, துணை வந்ததும் குடும்பக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளப்படுவார் என்று மாணவரின் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி இணைப்பது நல்லது. கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். தூதரகம் கோப்பை மாணவர் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது, முதல் சில வாரங்களுக்கு அப்பால் என்ன என்ற கேள்விக்கு அந்தக் கடிதம் பதிலாக நிற்கும்.

இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீட்டையோ பயணக் காப்பீட்டையோ வதிவிட அனுமதிக்குக் காட்டலாமா?

முடியாது. பயணக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்கும் மட்டுமே. நாள்பட்ட நோய், தடுப்புப் பரிசோதனை, பிரசவம் எதுவும் அதில் இருக்காது. இந்தியக் காப்பீடு எத்தனை லட்சத்துக்கு இருந்தாலும் இதே கதைதான்.

இறங்கியபின் எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் வசிப்பிடப் பதிவு. குடியேறிய 2 வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிக் கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். மாணவர் விடுதி அறையில் தங்கியிருப்பவர்கள், இரண்டாம் நபர் அங்கே பதிய அனுமதி உண்டா என்று விடுதி நிர்வாகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்று கிடைத்த அன்றே குடும்பக் காப்பீட்டு விண்ணப்பத்தை அனுப்பலாம். இந்தப் படிவத்தைத் துணையல்ல, உறுப்பினரான மாணவர் நிரப்ப வேண்டும். துணையின் பிறந்த ஊர், பிறப்புப் பெயர், குடியுரிமை, வருமானம், இதற்கு முன்பு எங்கே காப்பீடு இருந்தது ஆகியவற்றைக் கேட்பார்கள். முன்பு ஜெர்மனியில் காப்பீடு இல்லை என்றால் அப்படியே எழுதி, நாட்டுக்குள் வந்த தேதியைக் குறிப்பிடுங்கள்.

நம் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது பெயர்க் கட்டத்தில்தான். மனைவியின் பாஸ்போர்ட்டில் கவிதா முருகேசன், கணவருடையதில் அருண் செல்வராஜ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் பெயருக்குப் பின்னாலும் இருப்பது அவரவர் தந்தையின் பெயர் என்பது நமக்குத் தெரியும். படிவத்தைப் பார்க்கும் ஊழியருக்கு அவை இரண்டு வேறு குடும்பப் பெயர்கள். குடும்பப் பெயர் வேறுபட்டால் திருமணச் சான்றை இணைக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கும். சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியைக் கவனிக்காமல் அனுப்பினால், சான்று கேட்டு ஒரு கடிதம் தபாலில் வரும். அதற்குப் பதில் அனுப்பி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். விசாவுக்காக எடுத்த திருமணப் பதிவுச் சான்றின் நகலையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் முதல் தடவையிலேயே சேர்த்து அனுப்பிவிடுங்கள். பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட், வசிப்பிடப் பதிவு, காப்பீடு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். தபால் பெட்டியின் பெயர்ப் பலகையில் துணையின் பெயரையும் ஒட்டிவிடுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், காப்பீட்டு அட்டை உட்பட.

ஒப்புதல் வந்ததும், துணையின் பெயரில் காப்பீட்டுச் சான்று கேளுங்கள். அட்டையின் நகல் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டவர் அலுவலகம் கேட்பது சான்றுக் கடிதம். அது மாணவர் பெயரில் மட்டும் இருந்தாலும் பயன்படாது.

விண்ணப்பம் தாமதமானால் இடைப்பட்ட நாட்களின் கதி?

நிபந்தனைகள் நிறைவேறிய நாளிலிருந்தே குடும்பக் காப்பீடு சட்டப்படி நடைமுறையில் இருக்கும். படிவம் பிந்திப் போனாலும் தொடக்கம் அந்த நாள்தான். அட்டை வருமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால், நிறுவனத்திடம் தற்காலிகச் சான்று கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். ஆனாலும் ஒப்புதல் கைக்கு வரும்வரை வந்திறங்கியபோது எடுத்த குறுகிய காலக் காப்பீட்டை நிறுத்த வேண்டாம்.

தனியார் காப்பீடுதான் வழி என்றால், ஆவணத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரப் பக்கத்தில் வெளிநாட்டவர் அலுவலகம் ஏற்கும் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஊருக்கு ஊர் நடைமுறை வேறுபடுகிறது. மாணவருக்கு ஏற்றுக்கொண்ட அதே திட்டத்தை, நீண்ட காலம் தங்கப்போகும் துணைக்குப் போதாது என்று சொல்லும் அலுவலகங்களும் இருக்கின்றன. வாங்கும் முன் உங்கள் ஊர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தனியார் நிறுவனம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய படிவம் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள்.

அதிகாரி தேடுவது ஒன்றே ஒன்று: பொதுக் காப்பீடு தருவதற்கு நிகரான பாதுகாப்பு இதில் இருக்கிறதா? ஆண்டுக்கு இவ்வளவு யூரோ வரைதான் என்று உச்சவரம்பு இருந்தால் சிக்கல். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பணம் தரமாட்டோம் என்ற விதி இருந்தால் பெரிய சிக்கல். சர்க்கரை நோய், தைராய்டு போன்றவை உள்ளவர்களுக்கு அந்தக் காப்பீடு இருந்தும் இல்லாததற்குச் சமம். கர்ப்பமும் பிரசவமும் அடங்குமா என்று பாருங்கள். குறிப்பிட்ட வயதிலோ, வதிவிட அனுமதியின் நோக்கம் மாறும்போதோ ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுமா என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்களுக்கான திட்டங்கள் பல 5 ஆண்டில் முடிந்துவிடும். நோயாளியே முதலில் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதும் கேள்வி. முழுமையான காப்பீட்டுக்குச் சட்டம் அனுமதிப்பது ஆண்டுக்கு 5,000 யூரோ வரை. ஒரு மாணவக் குடும்பத்துக்கு அதுவே தாங்க முடியாத தொகை.

கட்டணம் குறைவாக இருக்கும் திட்டங்களில் இந்த விதிகளில் இரண்டு மூன்றாவது நிச்சயம் இடறும். மலிவு என்று எடுத்து, அலுவலகம் ஏற்காமல், அவசரத்தில் வேறொன்று வாங்குவதைவிட முதலிலேயே முழுமையானதைத் தேடுவது செலவைக் குறைக்கும்.

மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அல்லது விரைவில் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

குடும்பக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் இல்லை. கர்ப்பமாக வந்து இறங்கினாலும் பரிசோதனைகள், பிரசவம், வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சியின் சேவை எல்லாம் அடங்கும். தாயும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் அந்த மருத்துவச்சியின் வருகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். நல்ல மருத்துவச்சிகளுக்குக் கிராக்கி அதிகம். கர்ப்பம் உறுதியானவுடனே தேடத் தொடங்குங்கள். பிறந்த குழந்தையும் முதல் நாளிலிருந்தே கட்டணமின்றிச் சேரும்.

தனியார் காப்பீட்டில் பிரசவத்துக்கு 8 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. காப்பீடு எடுக்கும்போதே கர்ப்பமாக இருந்தால் அந்தப் பிரசவத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். மருத்துவமனைச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். அப்படி ஒரு நிலை இருந்தால், பயணத்துக்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம்.

துணை பகுதி நேர வேலைக்குப் போனால் காப்பீடு போய்விடுமா?

மாதம் 603 யூரோ வரை மினிஜாப் என்றால் குடும்பக் காப்பீடு அப்படியே தொடரும். அதற்கு மேல் போனால் அவர் தம் பெயரிலேயே உறுப்பினராவார். பங்களிப்பைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள், முதலாளியும் ஒரு பங்கு கட்டுவார். சொந்தத் தொழிலை முழுநேரமாகச் செய்தால் வருமானம் குறைவாக இருந்தாலும் குடும்பக் காப்பீடு கிடையாது. மாற்றம் எதுவானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.

துணையும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இரண்டு கட்டணமா?

இல்லை. குடும்பக் காப்பீடு இருப்பவருக்கு மாணவர் காப்பீடு தேவையில்லை. அவர் சேரும் பல்கலைக்கழகத்துக்குத் தகவலைக் காப்பீட்டு நிறுவனமே மின்னணு முறையில் அனுப்பும்; கேட்டுக்கொண்டால் போதும். இருவரும் படித்து ஒருவர் மட்டும் கட்டும் தம்பதியர் உண்டு.

மாணவருக்கு 30 வயது ஆகிறது, அல்லது படிப்பு முடிந்து வேலை தேடுகிறார். அப்போது துணை என்ன ஆவார்?

மாணவர் கட்டணம் நின்று, அவர் விருப்ப உறுப்பினராகத் தொடர்வார். வருமானம் இல்லாதவருக்கும் குறைந்தபட்சக் கட்டணம் மாதம் ஏறக்குறைய 250 முதல் 280 யூரோ வரை வரும். தொகையைக் கண்டு பதறி வெளியேறி, மலிவான தனியார் திட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு. துணையும் குழந்தையும் அந்த ஒரே கட்டணத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். மூன்று பேருக்குத் தனித்தனியாகத் தனியார் காப்பீடு எடுத்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். வேலை தேடும் 18 மாதங்களுக்கான பணத்தைக் கணக்கிடும்போதே இந்தத் தொகையையும் சேர்த்து வையுங்கள்.

பொதுக் காப்பீடு இருந்தால் கையிலிருந்து எதுவும் செலவாகாதா?

சிறிது ஆகும். மருந்துச் சீட்டுக்கு மருந்துக் கடையில் 5 முதல் 10 யூரோ வரை, மருத்துவமனையில் தங்கினால் ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாட்களுக்கு நாளொன்றுக்கு 10 யூரோ. பல் கட்டுவதற்கு ஒரு பகுதி மட்டுமே தருவார்கள். பெரியவர்களுக்குக் கண்ணாடி பெரும்பாலும் கிடையாது. வரும் முன் ஊரிலேயே இரண்டு கண்ணாடி செய்துகொண்டு வருவது நல்லது.

பிரசவத்துக்கு உதவ வரும் அம்மாவையும் குடும்பக் காப்பீட்டில் சேர்க்கலாமா?

முடியாது. துணையும் குழந்தைகளும் மட்டுமே. பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோருக்கு ஷெங்கன் விதிப்படி குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் என்றால், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் பணம் தருவார்களா என்ற விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.